ஆன்கிட்ராய்டை மூலநிரலிலிருந்து பில்ட் செய்வது: எது சுலபம், எது சிக்கல்

ஆன்கிட்ராய்டு செயலியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இங்கே மதிப்பிட எடுத்திருப்பது செயலியை அல்ல, அதன் மூலநிரலை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்து கிடக்கும் அந்த நிரலை முன்பின் தெரியாத ஒருவர் தன் கணினிக்குக் கொண்டுவந்து, பில்ட் எடுத்து (ஓடக்கூடிய செயலியாக மாற்றி), தன் கைபேசியில் ஓடவிட முடியுமா? எவ்வளவு பாடுபட வேண்டும்? "திறமூலம்" என்ற சொல்லுக்கு ஒரு திட்டம் எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்பது இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும். நிரல் கண்ணுக்குத் தெரிந்தும் யாராலும் பில்ட் எடுக்க முடியாத திட்டங்கள் ஏராளம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆன்கி என்பது 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட மனப்பாட அட்டை மென்பொருள். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். அதன் ஆண்ட்ராய்டு வடிவம்தான் ஆன்கிட்ராய்டு. 2009இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்துவருகிறார்கள். உரிமம் ஜிபிஎல் 3.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டில் முதன்முதலாக மூலநிரல் பில்ட் எடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல திட்டத்தைக் காட்டுவது கஷ்டம். செயலியை மட்டும் பில்ட் எடுக்கும் முதல் கட்டம் அத்தனை சுத்தமாக இருக்கிறது. ஆனால் செயலியின் எஞ்சினையும் நாமே பில்ட் எடுக்கும் இரண்டாவது கட்டம் ஒன்று உண்டு, பலருக்கு அது இருப்பதே தெரியாது. அங்கே போனால் கதை வேறு.

முதல் கட்டம் ஏன் சுத்தம்?

பெரும்பாலான செயலிகளில் பில்ட் தடுக்கி விழும் இடம் நிரல் அல்ல, சாவிகள். வரைபடத்துக்கு ஒரு ஏபிஐ சாவி (வெளிச் சேவையைப் பயன்படுத்த அனுமதிக்கும் ரகசியச் சரம்), அறிவிப்புகளுக்குக் கூகுளின் ஃபயர்பேஸ் கணக்கு, அதற்கொரு கூகுள் சர்வீசஸ் கோப்பு என்று வரிசையாக நிற்கும். அவை இல்லாவிட்டால் பில்ட் பாதியில் நிற்கும், அல்லது பில்ட் முடிந்து செயலி திறந்த உடனே மூடிக்கொள்ளும். ஆன்கிட்ராய்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எந்தக் கணக்கும் தொடங்க வேண்டாம், எந்தச் சாவியும் கேட்டு வாங்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். செயலியின் இதயம் ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் மொழியான கோட்லினில் இல்லை. அட்டைகளை அடுக்குவது, அடுத்த தேதியைக் கணக்கிடுவது, ஒத்திசைப்பது எல்லாம் கணினி ஆன்கியும் பயன்படுத்தும் அதே ரஸ்ட் மொழி எஞ்சின்தான் செய்கிறது. அந்த எஞ்சினைத் தனி ரெப்போவில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) வைத்து, முன்கூட்டியே பில்ட் செய்து, மேவன் சென்ட்ரல் என்ற நூலகக் கிடங்கில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். உங்கள் பில்ட் அதை வேறு எந்த நூலகத்தையும் போல இறக்கிக்கொள்ளும். அதனால் முதல் கட்டத்துக்கு ரஸ்டும் வேண்டாம், சி++, ரஸ்ட் நிரல்களை ஆண்ட்ராய்டுக்காகக் கம்பைல் செய்ய உதவும் கருவித்தொகுப்பான என்டிகேயும் வேண்டாம். ஆர்கானிக் மேப்ஸ் என்ற திறமூல வரைபடச் செயலியை எடுத்துப் பாருங்கள், அங்கே சி++ எஞ்சின் முழுவதையும் உங்கள் கணினிதான் கம்பைல் செய்ய வேண்டும். சப்மாட்யூல்கள் (ரெப்போவுக்குள் இணைத்த வேறு ரெப்போக்கள்), சிமேக் என்ற சி++ பில்ட் கருவி, என்டிகே எல்லாம் முதல் நாளே வேண்டும். அது திட்டத்தின் குறை அல்ல, அதன் இயல்பு. ஆனால் புதியவர் முதலில் போக வேண்டிய இடம் அது அல்ல.

என்ன வேண்டும்

கணினியில் 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியிலும் முடியும், சில அமைப்புகளை மாற்றினால் மட்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பான எஸ்டிகே, கணினியில் ஓடும் போலிக் கைபேசியான எமுலேட்டரின் சிஸ்டம் இமேஜ், பில்டை நடத்தும் கருவியான கிரேடில் இறக்கிச் சேர்க்கும் நூலகங்கள் எல்லாம் சேர்த்து 20 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்கில் பில்ட் ஊர்ந்துதான் போகும். எஸ்எஸ்டி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஜாவாவுக்கு அதன் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகே 21 போடுங்கள். இங்கே இந்தத் திட்டத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். தவறான ஜாவா பதிப்பில் ஓடவிட்டால், பில்ட் கோப்பே அதைக் கண்டுபிடித்து, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை செல்லும் என்று தெளிவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறது. மற்ற திட்டங்களில் இதே தவறு "ஆதரிக்கப்படாத கிளாஸ் கோப்பு மேஜர் பதிப்பு 65" என்ற மாதிரிப் புரியாத செய்தியாக வரும், ஜாவாவில்தான் கோளாறு என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் ஜாவா 17. எந்தத் திட்டத்திலும் பயன்படும் கணக்கு இது, அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைக்கும்.

ஒரு குழப்பம் பலருக்கும் வரும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தனக்குள் ஒரு ஜாவா வைத்திருக்கிறது. டெர்மினலில் (கட்டளைவரியில்) ஓடும் கிரேடில், ஜாவா ஹோம் என்ற சூழல் மாறி (இயங்குதளத்தில் வைக்கும் அமைப்பு) காட்டும் ஜாவாவை எடுக்கிறது. இரண்டும் வேறு வேறாக இருந்தால், ஸ்டுடியோவில் பில்ட் ஓடும், டெர்மினலில் ஓடாது. அது மட்டுமல்ல, இரண்டும் தனித்தனி கிரேடில் டீமனை (பின்னணியில் ஓடும் புராசஸ்) எழுப்பி ரேமைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்டுடியோவின் அமைப்புகளில் கிரேடில் ஜேடிகே என்ற இடத்தில் ஜாவா ஹோமையே தேர்ந்தெடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

நிரலை இறக்குவது

ஜிப் கோப்பாக இறக்காதீர்கள். அதில் வரலாறு இருக்காது, அடுத்த வாரம் புதுப்பிக்க வழியும் இருக்காது. நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியால் ரெப்போவை நகலெடுக்கும் கிட் குளோன்தான் சரி. பல வருட வரலாறும் பல மொழி மொழிபெயர்ப்புகளும் சேர்ந்த ரெப்போ என்பதால் கனமாக இருக்கும். இணையம் மெதுவாக இருந்தால் இரண்டு வழி உண்டு. ஆழம் ஒன்று என்று கொடுத்து மேலோட்டமாக எடுக்கலாம், ஆனால் ஒரு வரியை ஏன் மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் பார்க்க முடியாது. அதைவிட நல்லது பிளாப் (கோப்பு உள்ளடக்கம்) இல்லாத பகுதிக் குளோன். வரலாற்றின் எலும்புக்கூடு முழுதும் வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக வேலை செய்பவர்கள் ரெப்போவை லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையிலேயே வையுங்கள். சி டிரைவில் வைத்து லினக்ஸ் பக்கத்திலிருந்து பில்ட் எடுத்தால் பலமடங்கு மெதுவாகும். கூடவே, டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருக்கும் ஏடிபிக்கு (கணினியிலிருந்து கைபேசியோடு பேசும் கருவி) யுஎஸ்பியில் செருகிய கைபேசி நேரடியாகத் தெரியாது. லினக்ஸில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவப் பார்ட்டிஷனில் வைத்தாலும் கிரேடில் ரேப்பருக்கு (ரெப்போவில் இருக்கும் கிரேடில் தொடக்க ஸ்கிரிப்ட்) "அனுமதி மறுப்பு" வரக்கூடும், அந்தப் பார்ட்டிஷன் இயக்க அனுமதி இல்லாமல் மவுண்ட் ஆகியிருப்பதே காரணம்.

குளோன் ஆனதும் நீங்கள் நிற்பது மெயின் கிளையில். அது அடுத்த வெளியீட்டுக்கான வளர்ச்சி நிலை. அன்றாடம் பயன்படுத்த ஒரு செயலி வேண்டும் என்றால் வெளியீட்டுக் குறிச்சொல்லுக்கு மாறுங்கள், 'வி' என்ற எழுத்தில் தொடங்கிப் பதிப்பு எண் வரும். திருத்தம் அனுப்ப வேண்டும் என்றால் மெயினிலேயே இருங்கள்.

எஸ்டிகே எங்கே இருக்கிறது என்பதை ரெப்போவின் மேல் அடுக்கில் லோக்கல் ப்ராபர்ட்டீஸ் என்ற கோப்பில் எழுத வேண்டும். ஸ்டுடியோவில் திறந்தால் அதுவே எழுதிக்கொள்ளும். டெர்மினல் மட்டும் போதும் என்பவர்கள் ஆண்ட்ராய்டு ஹோம் மாறியை வைத்தாலும் போதும். விண்டோஸில் கையால் எழுதினால் பாதையின் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் எஸ்டிகே இல்லை என்றே சொல்லும். கட்டளைவரிக் கருவிகளைத் தனியாக இறக்கினால் அவற்றை எஸ்டிகேக்குள் சிஎம்டிலைன்-டூல்ஸ் (cmdline-tools) கோப்புறை, அதற்குள் லேட்டஸ்ட் கோப்புறை என்று வைக்க வேண்டும். ஜிப்பை அப்படியே பிரித்தால் அந்த லேட்டஸ்ட் அடுக்கு இருக்காது, எஸ்டிகே மேனேஜர் தன் எஸ்டிகே எங்கே என்று தெரியாமல் நிற்கும். அடுத்து உரிமங்களை ஏற்கும் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். உரிமம் ஏற்றிருந்தால், தேவைப்படும் ஆண்ட்ராய்டு தளப் பதிப்பை கிரேடிலே இறக்கிக்கொள்ளும்.

பில்ட்

கிரேடிலைத் தனியாக நிறுவ வேண்டாம், ரெப்போவில் இருக்கும் கிரேடில் ரேப்பரையே ஓட்டுங்கள். தனக்கு வேண்டிய பதிப்பை அதுவே இறக்கும். நூறு எம்பிக்கு மேல் இருக்கும். நடுவில் இணையம் அறுந்தால், அடுத்தமுறை ஜிப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வரும். ஹோமில் உள்ள கிரேடில் கோப்புறையில் ரேப்பர், அதற்குள் டிஸ்ட்ஸ், அதில் அந்தப் பதிப்பின் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

ஓட்ட வேண்டிய பணி இன்ஸ்டால்-பிளே-டீபக். முதல் சொல் செயல், நடுவில் ஃபிளேவர் (செயலியின் வடிவம்), கடைசியில் பில்ட் வகை (சோதனைக்கு டீபக், வெளியிட ரிலீஸ்). மூன்று ஃபிளேவர்கள் இருக்கின்றன: பிளே ஸ்டோர் விதிகளுக்கு ஏற்றது பிளே, அமேசான் கடைக்கு அமேசான், எல்லா அனுமதிகளும் கேட்பது ஃபுல். நிரல் பெரும்பாலும் ஒன்றுதான், அனுமதிகளில்தான் வேறுபாடு. அதிலும் கவனிக்க வேண்டியது கோப்பு அனுமதி. ஃபுல் வகை கைபேசியின் பொதுச் சேமிப்பிடத்தில் ஆன்கிட்ராய்டு என்ற கோப்புறையில் அட்டைகளை வைக்க முடியும். பிளே வகை செயலிக்கே உரிய இடத்தில் வைக்கிறது. சோதனைக்குப் பிளே வகையையே எடுங்கள். ஏற்கெனவே ஃபுல் வகையில் அட்டைகள் வைத்திருப்பவர் சோதனை பில்டையும் ஃபுல்லாக எடுத்து, இரண்டு செயலிகளும் ஒரே சேகரிப்புக் கோப்பைத் தொடும்படி விடவே கூடாது.

இன்ஸ்டால் பணிக்குப் பதில் அசெம்பிள் பணியை ஓட்டினால் ஏபிகே கோப்புகள் (கைபேசியில் நிறுவும் செயலிக் கோப்புகள்) ஆன்கிட்ராய்டு மாட்யூலுக்குள் பில்ட், அவுட்புட்ஸ், ஏபிகே என்ற பாதையில் விழும். ஒன்று அல்ல, பல. ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் தனி ஏபிகே. இன்றைய கைபேசிகள் பெரும்பாலும் ஆர்ம் 64. கணினி எமுலேட்டருக்கு எக்ஸ்86 64. மாற்றி நிறுவினால் "பொருந்தும் ஏபிஐ (ABI, பிராசசர் வகை) இல்லை" என்று ஏடிபி மறுக்கும். நிரலில் ஒரு குறையும் இருக்காது, எடுத்த கோப்புதான் தவறு. இன்ஸ்டால் பணி இந்தத் தேர்வைத் தானே செய்துவிடுகிறது, அதனால்தான் அதை முதலில் சொன்னது.

ஆண்ட்ராய்டு ஒரு செயலியை அடையாளம் காணும் பேக்கேஜ் பெயருக்குப் பின்னால், டீபக் பில்டில் டீபக் என்ற ஒட்டு சேரும். இந்தச் சிறிய ஏற்பாடு பெரிய உபகாரம். கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் உண்மையான ஆன்கிட்ராய்டும் நீங்கள் பில்ட் செய்ததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பிளே வகையில் ஒன்றின் அட்டை மற்றதைத் தொடாது. எத்தனையோ திட்டங்கள் இதைச் செய்யாமல், சோதிக்க வருபவரின் தரவையே பலிகொடுக்கவைக்கின்றன.

கைபேசி பக்கம் சிக்கல்கள் பழகியவைதான். பில்ட் எண்ணை ஏழுமுறை தட்டி டெவலப்பர் தெரிவுகளைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். ஏடிபி பட்டியலில் கைபேசி அங்கீகரிக்கப்படாதது என்று காட்டினால், திரையில் அனுமதிப் பெட்டி காத்திருக்கிறது என்று பொருள். உபுண்டுவில் "அனுமதி இல்லை" என்று வந்தால் செருகிய சாதனத்தைத் தொட அனுமதிக்கும் யுடெவ் விதிகள் இல்லை, ஆண்ட்ராய்டு எஸ்டிகே பிளாட்ஃபார்ம் டூல்ஸ் காமன் பொட்டலத்தை நிறுவிக் கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். ஷாவ்மி, ரெட்மி, போக்கோ கைபேசிகளில் யுஎஸ்பி டீபக்கிங் மட்டும் போதாது, யுஎஸ்பி வழி நிறுவு என்ற இன்னொரு தெரிவையும் இயக்க வேண்டும். இல்லையேல் பயனர் தடுத்துவிட்டார் என்ற பிழையோடு நிறுவல் நின்றுவிடும்.

8 ஜிபி ரேமில்

பில்ட் பாதியில் "கிரேடில் டீமன் எதிர்பாராமல் மறைந்துவிட்டது" என்று வந்தால், அல்லது 137 என்ற வெளியேற்ற எண் தெரிந்தால், ரேம் தீர்ந்து இயங்குதளமே அந்தப் புராசஸைக் கொன்றிருக்கிறது. இணையத்தில் தேடினால் கிரேடிலின் அதிகபட்ச ஹீப்பை (அது எடுக்கக்கூடிய நினைவகம்) கூட்டச் சொல்வார்கள். 8 ஜிபி கணினியில் அது எரிகிற தீயில் எண்ணெய். காரணம், கோட்லின் கம்பைலர் தனி டீமனாக ஓடுகிறது, தனக்கென அளவு குறிப்பிடப்படாவிட்டால் கிரேடிலின் அளவையே எடுத்துக்கொள்கிறது. கிரேடிலுக்கு 4 ஜிபி கொடுத்தால் கோட்லினும் 4 ஜிபி வரை வளரும். மேலே ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, பிரவுசர். எங்கே இடம்?

செய்ய வேண்டியது இது. ஹோமில் உள்ள கிரேடில் கோப்புறையில் கிரேடில் ப்ராபர்ட்டீஸ் என்ற கோப்பை உருவாக்குங்கள். அங்கே எழுதுவது திட்டத்தின் கோப்பில் இருப்பதை வெல்லும், ரெப்போவில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதில் கிரேடிலுக்கு 2 ஜிபி ஹீப், கோட்லினின் கம்பைலர் செயல்முறையை இன்-புராசஸ் என்று ஒரு வரி, ஒரே நேரத்து வேலையாட்களை இரண்டாகக் குறைத்து ஒரு வரி. இன்-புராசஸ் என்றால் கோட்லின் தனி டீமன் எழுப்பாமல் கிரேடிலுக்குள்ளேயே ஓடும். 2 ஜிபியில் ஹீப் போதவில்லை என்று பிழை வந்தால் 3 ஆக்குங்கள். ஸ்டுடியோவை மூடிவிட்டு டெர்மினலில் பில்ட் எடுங்கள், எமுலேட்டருக்குப் பதில் உண்மைக் கைபேசியைச் செருகுங்கள். மெதுவாக நடக்கும், ஆனால் முடியும்.

அலுவலக அல்லது கல்லூரி இணையத்தில் "பிகேஐஎக்ஸ் பாதை உருவாக்கம் தோல்வி" என்று வந்தால், நடுவில் இருக்கும் ஃபயர்வால் மறையாக்கத்தைப் பிரித்துப் பார்த்துத் தன் சான்றிதழை நீட்டுகிறது, ஜாவா அதை நம்ப மறுக்கிறது. அந்த நிறுவனச் சான்றிதழை ஜேடிகேயின் சான்றிதழ்க் களஞ்சியத்தில் சேர்க்கலாம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை பில்ட் எடுத்துவிடுவது அதைவிட விரைவு, இறங்கிய நூலகங்கள் கணினியில் தங்கிவிடும்.

திருத்தி அனுப்ப நினைத்தால்

பில்ட் எடுக்கும்போதே ஒரு கிட் ஹூக்கும் (தானே ஓடும் ஸ்கிரிப்ட்) நிறுவப்படுகிறது. அடுத்த கமிட்டில் (மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது) கோட்லின் எழுத்துநடையைச் சரிபார்க்கும் கேடிலிண்ட் ஓடி, இடைவெளி தவறியிருந்தாலும் கமிட்டை நிறுத்தும். கேடிலிண்ட்-ஃபார்மேட் என்ற பணியை ஓட்டினால் பெரும்பாலானவற்றை அதுவே திருத்திவிடும். கோட்லின் எச்சரிக்கைகள் இங்கே பிழைகளாகவே நடத்தப்படுகின்றன. பயன்படுத்தாத ஒரு மாறி இருந்தாலும் பில்ட் நிற்கும். சும்மா சோதித்துப் பார்க்கும் நேரத்தில் இது எரிச்சல். லோக்கல் ப்ராபர்ட்டீஸில் ஃபேட்டல் வார்னிங்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று வைத்தால் தளர்ந்துகொள்ளும். அனுப்பும் முன் அந்த வரியை எடுத்துவிடுங்கள், அவர்களுடைய தானியங்கிச் சோதனையில் அது தளராது.

இந்தத் திட்டத்துக்கென்றே எழுதிய லிண்ட் விதிகள் (நிரலைத் தானாகச் சரிபார்க்கும் விதிகள்) தனி மாட்யூலாக இருக்கின்றன. புதிய கோப்பில் பதிப்புரிமைத் தலைப்பு இல்லாவிட்டால் பிழை. கணினி நேரத்தை நேரடியாகக் கேட்டாலும் பிழை. இரண்டாவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அட்டை நாளை வருமா, மூன்று நாள் கழித்து வருமா என்பதே செயலியின் சாரம். சோதனையில் நேரத்தை நாம் முன்னும் பின்னும் நகர்த்த முடிய வேண்டும். நேரத்தை ஆங்காங்கே நேரடியாகக் கேட்டால் அது நடக்காது. விதிகளைக் கட்டுப்பாடாகப் பார்க்காமல் படித்தால், ஆண்ட்ராய்டு நிரலை எப்படிச் சோதிக்கத்தக்கதாக எழுதுவது என்பதற்கு நல்ல பாடம்.

நிரலின் சிறு பகுதிகளைச் சோதிக்கும் யூனிட் சோதனைகள், ஆண்ட்ராய்டைக் கணினியிலேயே போலச்செய்யும் ரோபோலெக்ட்ரிக்கில் ஓடுகின்றன, கைபேசி வேண்டாம். முதல்முறை ஆண்ட்ராய்டின் ஜார் கோப்புகளை இறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுச் சோதனையையும் சின்னக் கணினியில் ஓட்டாதீர்கள். டெஸ்ட்ஸ் என்ற தெரிவில் நீங்கள் தொட்ட கிளாஸின் பெயரை மட்டும் கொடுங்கள்.

இரண்டாம் கட்டம்: எஞ்சினையும் நாமே

முதல் கட்டத்தில் கிடைத்த செயலியின் முக்கியப் பகுதி வேறொருவர் பில்ட் செய்த பைனரி என்பதை மறக்கக் கூடாது. "மூலநிரலிலிருந்து" என்று முழு மனதோடு சொல்ல வேண்டும் என்றால், எஞ்சின் இருக்கும் ஆன்கி-ஆண்ட்ராய்டு-பேக்எண்ட் ரெப்போவையும் எடுக்க வேண்டும். அட்டை அடுக்கும் முறையையோ ஒத்திசைவையோ மாற்ற நினைப்பவருக்கும் வேறு வழி இல்லை. இங்கே மதிப்பெண் குறைகிறது. வேலை கடினம், விளக்கமும் முதல் கட்டத்தைப் போலக் கைபிடித்துக் கூட்டிப்போகாது.

இந்த ரெப்போவை ஆன்கி-ஆண்ட்ராய்டு (முதல் கட்டத்தில் இறக்கிய ரெப்போ) இருக்கும் அதே தாய்க் கோப்புறையில் பக்கத்தில் வையுங்கள். அதற்குள் ஆன்கியின் மூலநிரல் சப்மாட்யூலாக இருக்கிறது. அந்த ஆன்கிக்குள்ளும் மொழிபெயர்ப்புக்கான சப்மாட்யூல்கள் இருக்கின்றன. ஆகவே சப்மாட்யூல் அப்டேட் கட்டளையில் ரிகர்சிவ் என்பது கட்டாயம். இதை விட்டுவிட்டு, காலியான கோப்புறையைப் பில்ட் செய்ய முயன்று முட்டிக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

ரஸ்டை இயங்குதளத்தின் பொட்டலமாக நிறுவாதீர்கள், ரஸ்டின் நிறுவியான ரஸ்டப் வழியாக நிறுவுங்கள். ரெப்போவில் எந்த ரஸ்ட் பதிப்பு என்று கோப்பில் குறித்திருக்கிறது. ரஸ்டப் மட்டுமே அதைப் படித்து அதே பதிப்பை எடுக்கும். என்டிகேயும் அப்படித்தான், பில்ட் கோப்பில் குறித்துள்ள அதே பதிப்பு வேண்டும், "புதியது நல்லது" என்ற எண்ணம் இங்கே உதவாது. விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளைத் தரும் எம்சிஸ்2வும் தேவை. பில்ட் ஸ்கிரிப்டை ஓட்டினால் ரஸ்டோடு நிற்காது. புள்ளிவிவரப் பக்கம், அடுக்கு அமைப்புகள் பக்கம் போன்றவை கணினி ஆன்கிக்காக ஸ்வெல்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் எழுதிய வலைப்பக்கங்கள். அவற்றையும் இதே பில்ட் தயாரிக்கிறது. ஒரு ஆண்ட்ராய்டு நூலகத்துக்கு ஏன் நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) தொகுப்புகள் இறங்குகின்றன என்று திகைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஸ்கிரிப்ட் இயல்பாக எல்லாப் பிராசசர் வகைகளுக்கும் பில்ட் எடுக்காது. உங்கள் கணினிக்குப் பொருந்தும் எமுலேட்டர் வகைக்கு மட்டும் எடுக்கும். எக்ஸ்86 கணினியில் பில்ட் செய்து ஆர்ம் கைபேசியில் நிறுவினால் நேடிவ் நூலகம் கிடைக்காமல் செயலி திறக்காது. கைபேசிக்கு வேண்டும் என்றால் ஆல் ஆர்க்ஸ் என்ற மாறியை 1 என்று வைத்து ஓட்ட வேண்டும், நேரம் அதற்கேற்பக் கூடும். பிறகு ஆன்கி-ஆண்ட்ராய்டின் லோக்கல் ப்ராபர்ட்டீஸில் லோக்கல் பேக்எண்ட் என்பதை ட்ரூ என்று எழுதினால், மேவனுக்குப் போகாமல் பக்கத்துக் கோப்புறையின் எஞ்சினை எடுத்துக்கொள்ளும்.

பதிப்புப் பொருத்தம்தான் இங்கே அதிகம் கவனிக்க வேண்டியது. எஞ்சினின் பதிப்புச் சரத்தில் இரண்டு பகுதிகள் இருக்கும். முன்னால் அதன் சொந்த எண், பின்னால் ஆன்கியின் எண், 0.1.38-ஆன்கி23.12.1 என்ற மாதிரி. ஆன்கி-ஆண்ட்ராய்டின் நூலகப் பதிப்புப் பட்டியலில் எந்தச் சரம் எழுதியிருக்கிறதோ, எஞ்சின் ரெப்போவை அதற்கு நேரான நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பில்ட் எடுக்க வேண்டும். ஒருபக்கம் மட்டும் புதுப்பித்தால், காணாத மெத்தட்கள் பற்றிக் கோட்லின் பக்கத்தில் பிழைகள் கொட்டும். அந்தப் பிழைகளில் ஒன்றையும் கையால் திருத்த வேண்டாம், இரண்டு ரெப்போக்களையும் ஒரே காலத்துக்குக் கொண்டுவந்தால் மொத்தமாக மறையும்.

ரிலீஸ் பில்டும் தரவும்

டீபக் பில்ட் கொஞ்சம் மந்தமாக இருக்கும், தினசரிப் பயன்பாட்டுக்கு ரிலீஸ் வேண்டும் என்று தோன்றும். கையொப்பச் சாவியின் பாதையையும் கடவுச்சொற்களையும் சூழல் மாறிகளிலிருந்து பில்ட் எடுத்துக்கொள்கிறது, ரெப்போவில் எதையும் எழுத வேண்டாம். சரியான ஏற்பாடு. ஆனால் ரிலீஸில் அந்த டீபக் ஒட்டு இருக்காது. பெயர் கடையில் உள்ள செயலியின் பெயர், கையொப்பம் உங்களுடையது. ஏற்கெனவே இருப்பதன்மேல் நிறுவ முயன்றால் புதுப்பிப்பு பொருந்தவில்லை என்று ஆண்ட்ராய்டு மறுக்கும். பழையதை அழித்தால் நிறுவலாம் என்று உடனே அழிக்கப் போகாதீர்கள். பிளே ஸ்டோரிலிருந்து வந்த ஆன்கிட்ராய்டு அட்டைகளைத் தனக்குரிய இடத்தில் வைத்திருக்கிறது, செயலியை அழித்தால் பல வருட அட்டைகளும் திருப்பிப் பார்த்த வரலாறும் கூடவே போகும். முதலில் முழுச் சேகரிப்பையும் கோல்பேக்கேஜ் என்ற ஒரே காப்புக் கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைக் கைபேசிக்கு வெளியே நகலெடுத்துவிட்டு, ஆன்கியின் ஒத்திசைவுத் தளமான ஆன்கிவெப்புக்கு ஒத்திசைத்துவிட்டு, பிறகு தொடுங்கள். ஒத்திசைவு நிரலையே மாற்றிச் சோதிப்பவர்கள் ஆன்கிவெப் பக்கம் போகவே வேண்டாம், ஆன்கி 2.1.57 முதல் அதற்குள்ளேயே ஒத்திசைவுச் சர்வர் இருக்கிறது, வீட்டுக் கணினியில் ஓட்டலாம்.

தமிழுக்கு

ஆன்கிட்ராய்டின் இடைமுகம் தமிழிலும் வரும். மொழிபெயர்ப்பு நடப்பது பலர் கூடி மொழிபெயர்க்கும் கிரவுடின் தளத்தில். ரெப்போவில் தமிழ்க் கோப்புகளை நேரடியாகத் திருத்தி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள், அடுத்த ஒத்திசைவில் கிரவுடினில் இருப்பதே அதன்மேல் எழுதப்படும். ஆனால் ஒரு சொல் பொத்தானுக்குள் அடங்குகிறதா என்பதைக் கிரவுடின் காட்டாது. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடிவது தமிழில் பன்னிரண்டு எழுத்தாகும், மெனுவில் பாதி வெட்டுப்படும், அட்டைக்குக் கீழே உள்ள பதில் பொத்தான்களில் நெரிசலாகும். அங்கேதான் சொந்த பில்ட் கைகொடுக்கிறது. தமிழ்ச் சொற்கள் இருக்கும் வேல்யூஸ் டிஏ கோப்புறையில் மாற்றுச்சொல்லைப் போட்டு, பிளே-டீபக்கை நிறுவி, எழுத்தளவைப் பெரிதாக்கி, சின்னத் திரையுள்ள கைபேசி ஒன்றில் பாருங்கள். சொல் அடங்கினால் அதையே கிரவுடினில் பரிந்துரையுங்கள். எந்தச் சொல்லும் அடங்கவில்லை என்றால் கோளாறு மொழிபெயர்ப்பில் இல்லை, திரையின் லேஅவுட்டில். ஸ்கிரீன்ஷாட்டோடு கிட்ஹப்பில் இஷ்யூவாக (குறைப் புகாராக) பதியுங்கள்.